நெட்டைத் தின்றவன்

எனக்குக் கோபம் வந்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அது எங்கள் தெருவே அறிந்த சங்கதி. அன்று மதியம் இரண்டே காலுக்குக் கம்ப்யூட்டரில் இறங்கிக்கொண்டிருந்த ஃபைல் முப்பத்தொரு சதவீதத்தில் நின்றுபோனபோது நான் போட்ட சத்தம் பஸ் ஸ்டாண்டுக்கே கேட்டிருக்கும்.

எனக்கு வீட்டிலிருந்தே வேலை. சென்னைக் கம்பெனி ஒன்று பழைய பத்திரங்களைப் படம்பிடித்துக் கட்டுக்கட்டாக அனுப்பும். அதை இறக்கி, படித்து, விவரங்களை டைப் அடித்துத் திருப்பி அனுப்பவேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை தாமதம். மூன்றாவது முறையும் பிந்தினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதிவிட்டார்கள். அன்று ஆறு மணிதான் கெடு.

மூன்று வாரமாக இதே கூத்து. காலையில் பறக்கிற நெட், மதியம் இரண்டு அடித்தால் படுத்துவிடும். ஒயரை மாற்றினேன். ரௌட்டரை அலமாரியிலிருந்து ஜன்னலுக்கு, ஜன்னலிலிருந்து ஃபிரிட்ஜ் தலைக்கு என்று வீடு முழுக்கக் குடிவைத்துப் பார்த்தேன். அணைத்து அணைத்துப் போட்டேன். ம்ஹூம். என் வீட்டுக்காரர் கோவிந்தராசுவிடம் புலம்பினால், "எல்லாம் சரியாப் பூடும் அமிர்தம்" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டு கேரியரை எடுத்துக்கொண்டு இரண்டு மணி ஷிஃப்டுக்குக் கிளம்பிவிடுவார். தொழிற்பேட்டையில் பீங்கான் வாஷ்பேசின் சுட்டுச் செய்கிற கம்பெனி ஒன்றில் அவருக்கு இருபத்திரண்டு வருஷ வேலை.

எவனோ நம் நெட்டைத் திருடுகிறான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. முதல் சந்தேகம் பக்கத்து வீட்டு அன்னாள் மேல். துணி காயப்போடும்போது சுவரோரம் நின்று, "ஊரான் நெட்டுல சீரியல் பாக்குற கண்ணு அவிஞ்சு போவும்" என்று ஜாடை பேசினேன். அன்றோடு அவளுக்கும் எனக்கும் பேச்சு நின்றது.

அப்போதும் ஆத்திரம் அடங்கவில்லை. நேரே மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டிவிட்டேன். போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிக்காதவர்கள்கூட எங்கள் பக்கத்தில் அங்கே போவார்கள். குறையை மனுவாக எழுதிக் கட்டிவிட்டால் சாமியே விசாரித்துத் தீர்ப்பு சொல்லிவிடுவார். 'என் பிழைப்பில் மண்ணைப் போடுகிறவன் எவனாக இருந்தாலும் அவன் பிழைப்பும் நாசமாகப் போகவேண்டும்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். அது நடந்து பத்து நாள் ஆகிறது.

அன்று போன்மேல் போன் போட்டு, நெட் இணைப்பு கொடுத்த தேவநாதனை வரவழைத்தேன். மூன்று மணிக்கு வந்தான். என் கம்ப்யூட்டரிலேயே ரௌட்டரின் பக்கத்தைத் திறந்து பார்த்தான்.

"லைன்ல ஒண்ணும் கொறை இல்லக்கா. உங்க கம்ப்யூட்டரு, உங்க போனு, டிவி. நாலாவதா ஒரு லேப்டாப்பு இருக்குது பாருங்க. மொத்தத்தையும் அதுதான் இழுக்குது."

"எங்க வூட்ல ஏது லேப்டாப்பு?"

"பேரு இல்ல, வெறும் நம்பருதான். சிக்னல் ஃபுல்லா இருக்குது. ரொம்பக் கிட்டக்கதான் இருக்கணும்."

"நான் சொல்லல? அந்த அன்னாள்தான்! நிறுத்து அத."

"யாருன்னு பாத்துட்டு நிறுத்தலாம்க்கா. பாஸ்வேர்டு தெரிஞ்சவங்களாத்தான் இருக்கும்."

"திருட்டுப் பயலுக்கு ஜாதகம் பாக்கணுமா? தள்ளு இப்டி!"

மவுஸைப் பிடுங்கினேன். அவன் காட்டிய இடத்தில் நானே அழுத்தினேன். நாலாவது நம்பர் பட்டியலிலிருந்து மறைந்தது. நின்றுகிடந்த ஃபைல் நாற்பது, ஐம்பத்தைந்து, எழுபது என்று ஓடத் தொடங்கியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தேவநாதனுக்கு டீ போட எழுந்தேன்.

அப்போதுதான் தலைக்கு மேலே நாற்காலி தள்ளுகிற சத்தம் கேட்டது. எங்கள் மாடி போர்ஷன் காலி. குடியிருந்தவர்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. யாரோ தடதடவென்று படியில் இறங்கினார்கள். கதவு படாரென்று திறந்தது.

என் வீட்டுக்காரர். மேலே கழுத்துவரை பட்டன் போட்ட வெள்ளை முழுக்கைச் சட்டை, கீழே கைலி. கையில் திறந்தபடி ஒரு பழைய லேப்டாப்.

"அமிர்தம், நெட்டு போச்சா? கரண்டு இருக்குதே, எப்பிடிப் போச்சு?"

"நீங்க... ஷிஃப்டுக்குப் போவலியா?"

"அதெல்லாம் அப்பறம் சொல்றேன். மொதல்ல நெட்டப் போடச் சொல்லு. குஜராத்து டைல்ஸ் கம்பெனில இன்டர்வியூ, பாதில நிக்குது!"

தேவநாதன் அவசரமாகத் தடையை எடுத்தான். இவர் மறுபடி இன்டர்வியூவுக்குள் போகப் பார்த்தார். திரும்பத் திரும்ப அழுத்தினார். போன் பண்ணினார். எதிர்முனையில் இந்தியில் ஏதோ சொல்லி வைத்துவிட்டார்கள். மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அடுத்த ஆள உள்ள கூப்ட்டாச்சாம். இனிமே நேரம் இல்லியாம்."

தேவநாதன் பையை எடுத்துக்கொண்டு சொல்லாமலே போய்விட்டான்.

"மூணு வாரம் ஆச்சு அமிர்தம். சூளைய நிறுத்திட்டு முப்பது பேர வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. உன் வேலையே ஆட்டம் கண்டுகிட்டு இருக்குது, இத வேற எப்பிடிச் சொல்றதுன்னு, கூட வேல பாத்தவர்கிட்ட இந்த லேப்டாப்ப வாங்கிக்கினு மாடில போய் உக்காந்துக்கினேன். டைல்ஸ் டிசைன் பாடமெல்லாம் எறக்கி எறக்கிப் படிச்சேன்."

"அதாலதாங்க என்னுது நின்னு நின்னு போச்சு!"

அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். "உன்னுது ஒயருல வருது, என்னுது காத்துல வருது. ரெண்டும் வேற வேறன்னு இல்ல நெனச்சேன்?"

அய்யோ, பாவி மனுஷா. கோயிலில் எழுதிக் கட்டிய ஒவ்வொரு வார்த்தையும் கண்முன் வந்து நின்றது. சாமிக்குக்கூட வேலை வைக்காமல் என் கையாலேயே அதை முடித்திருந்தேன்.

"இவ்ளோ நேரம் நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாங்க. கடைசிக் கேள்வின்னு சொன்னாங்க. அந்நேரம் பாத்து எப்பிடி நின்னுச்சு?"

"நான்தாங்க நிறுத்துனேன்" என்றேன். "யாரோ திருடன்னு நெனச்சு, நானே அழுத்துனேன்."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"உன் ஃபைலு முழுசா வந்துடுச்சா?"

"வந்துடுச்சுங்க."

"அப்ப உக்காந்து அடி. ஆறு மணிக்குள்ள அனுப்பு. இந்த வூட்டுக்கு இப்ப அது ஒண்ணுதான் இருக்குது."