நெற்றியில் மின்னியது

கழுத்தில் கட்டி. மூச்சுக்குழாயை அழுத்துகிறது, இனித் தள்ளிப்போட முடியாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். போன மாதமே ஆபரேஷன் முடிந்திருக்கும். பயத்தில் எனக்குப் பிரஷர் எகிறி, திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி கோம்பையிலிருந்து தேனிக்கு வந்து படுத்து, ஒருவழியாகப் பிரஷர் இறங்கிய சாயங்காலம் பார்த்து என் வீட்டுக்காரர் ஆண்டனி ராஜ் என்ன செய்தார் தெரியுமா? பங்குச் சாமியாரை எண்ணெயோடு கூட்டிவந்து கட்டிலருகே நிறுத்தினார். அந்த மனுஷனுக்கு மூளையே கிடையாது.

நோயில் பூசுதல் என்று இப்போது பேர் சொல்கிறார்கள். எங்கள் தெருவில் அது இன்னும் அவஸ்தைப் பூசுதல்தான். சாகக் கிடக்கிறவர்களுக்குக் கொடுப்பது.

என் அக்கா மதலேனாளுக்கும் இதே கட்டி, இதே ஆபரேஷன். அன்றைக்கு நான் மருந்து வாங்கிக்கொண்டு மாடி ஏறும்போது சாமியார் எண்ணெய்ச் செப்போடு இறங்கினார். மேலே தள்ளுவண்டியில் அக்காவைக் கொண்டுபோனார்கள். அவள் நெற்றி பளபளவென்று மின்னியது. திரும்பி வரும்போது முகத்தை மூடியிருந்தார்கள். ஏழு வருஷமாக அந்த நெற்றி என்னை விடவில்லை. உலை கொதிக்கும்போது வரும், பூசை நடுவே வரும். முகம் வராது, நெற்றி மட்டும்தான்.

டாக்டர் ரகசியமாக என்ன சொன்னார் என்று வீட்டுக்காரரைப் பிடித்து உலுக்கினேன். இது தைரியத்துக்குத்தான் என்று சாமியார் சொன்னது என் காதில் ஏறவில்லை. செத்தால் என் வீட்டில் சாகிறேன் என்று கையில் குத்தியிருந்த ஊசியைப் பிடுங்கப் போனேன். சாமியாரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒங்கக்கா எண்ணெயே பூசல, மேரி. பூசுனா செத்துருவேன்னு சாமியாரத் திருப்பி அனுப்பிட்டாக.”

“பொய் சொல்லாதீங்க. நெத்தி மின்னுச்சு, நான் பாத்தேன்.”

“அது வேர்வ, புள்ள. நான்தான தொடச்சேன். தொடைக்கத் தொடைக்க ஊறுச்சு.”

பாவி, என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாளா? அவ்வளவு பயத்தையும் தனியாகச் சுமந்துகொண்டு உள்ளே போயிருக்கிறாள்.

“நீயும் அப்பிடிப் போயிரக்கூடாதுன்னுதான் கூட்டியாந்தேன்” என்றார்.

அழுது முடித்துச் சாமியாரைக் கூப்பிடச் சொன்னேன். நெற்றியிலும் இரண்டு உள்ளங்கையிலும் பூசினார்.

காலையில் நர்ஸ் ஷெரின் பிரஷர் பார்த்துவிட்டு, போகலாம் என்றாள். தள்ளுவண்டி நகர்ந்தது. ஆபரேஷன் கதவு கண்ணில் பட்டதும் அவள் குனிந்து என்னைப் பார்த்தாள்.

“என்னக்கா, இப்பிடி வேர்க்குது?”

மறுபடி திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பதறிப்போனேன்.

“வேர்வ இல்ல தாயி. சாமியார் பூசுன எண்ணெய்.”

அந்த எண்ணெய் ராத்திரியே காய்ந்துவிட்டது. ஷெரின் பஞ்சை எடுத்து என் நெற்றியைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க ஊறியது.