மாரிகுப்பம் வந்த இத்தாலிப் பைகள்

போன ஐப்பசியிலிருந்து மாரிகுப்பம் ஸ்டேஷனில் மலையேறுகிறவர்கள் முதுகில் மாட்டும் பைகள் ஆள் இல்லாமல் வந்து இறங்குகின்றன. முதல் பை ஒரு செவ்வாய்க்கிழமை பங்காரப்பேட்டை பாசஞ்சரில் வந்தது. மேலே இரண்டு விரல் கனத்துக்குப் பனிக்கட்டி. உள்ளே போர்வை, காய்ந்த ரொட்டி, யாரோ ஒரு பிள்ளையின் போட்டோ. கழுத்தில் 'மேட் இன் இத்தாலி' என்று லேபிள். டீக்கடை ஃப்ரெடி பின்னாலேயே போய்ப் பார்த்தான். நாய் குரைத்தும் நிற்காமல் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளைத் தாண்டிப் போன பை, புஷ்பவல்லி வாசலில் உட்கார்ந்தது.

ஆண்டர்சன்பேட்டைத் தையல் ஷெட்டில் அந்தப் பைகளைத் தைக்கிறவள் புஷ்பவல்லி. துணி தைவானாம், ஜிப் ஜப்பானாம், தையல் முழுக்க இங்கே. இத்தாலியில் ஒரே ஒரு பக்கிள் மாட்டுகிறார்கள், அதனால் பை இத்தாலிப் பை என்பது கம்பெனி சொன்ன நியாயம். நம்புகிறவன் நம்பட்டும்.

பை வந்ததற்குக் காரணம் அவள் கைவேலைதான். இங்கே தங்கச் சுரங்கம் ஓடின காலத்தில் உள்ளே போகிறவன் நம்பர் போட்ட பித்தளை டோக்கன் வாங்கிக்கொண்டு இறங்குவான், ஏறியதும் அதை ஆணியில் மாட்டுவான். ஆணி காலியாக இருந்தால் தேடப் போவார்கள். அவள் அப்பா ஞானதாஸ் சுரங்கம் மூடுவதற்கு முந்தின வருஷம் 2218-ஆம் நம்பர் டோக்கனை வாங்கிக்கொண்டு கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கினவர், ஏறவில்லை. தேடியும் கிடைக்கவில்லை. மலைக்குப் போகிறவனும் திரும்பி வரணும் இல்லையா என்று ஒவ்வொரு லேபிளுக்கு அடியிலும் அந்த நம்பரைக் கறுப்பு நூலில் தைத்துவிட்டாள். ஆளுக்குக் கொடுக்க வேண்டிய நம்பரைப் பைக்குக் கொடுத்தது தப்பு. ஆளை அங்கேயே விட்டுவிட்டுப் பை மட்டும் வந்தது.

கார்த்திகைக்குள் பதினேழு சேர்ந்துவிட்டன. வீட்டில் கால் நீட்ட இடமில்லை. "பனியில எவன் போர்வை இல்லாம கெடக்கறானோ" என்று போட்டோவைப் பார்த்துக்கொண்டே அவள் சோற்றைப் பிசைந்து, சாப்பிடாமல் வைத்துவிடுவாள்.

கம்பெனி ஆள் பிரதாப் பெங்களூரிலிருந்து காகிதத்தோடு வந்தான். பைகளை எடுத்துப் போகச் சொன்னாள். எடுத்தால் இங்கே தைத்தது என்று ஆகிவிடும், அவன் தொடவில்லை.

"இதெல்லாம் நான் தைக்கலன்னு கையெழுத்துப் போடுங்கம்மா. இல்லன்னா ஷெட்டையே மூடிடுவாங்க."

கூடத் தைக்கிற ரத்தினம்மா, "போட்டுத் தொலடி. தெச்சது இத்தாலிக்காரின்னா இந்த முதுகுவலியும் அவளுக்கே போவட்டும்" என்றாள்.

நாற்பது பெண்களின் பிழைப்பு. புஷ்பவல்லி பேனாவை வாங்கினாள். அந்நேரம் பதினெட்டாவது பை வந்தது. அதன் வாரைப் பிடித்தபடி ஒரு வெள்ளைக்காரன் இழுபட்டு வந்தான். மூன்று விரல் கறுத்துப் போயிருந்தது, உயிர் இருந்தது. பனிப் பள்ளத்தில் கிடந்தவனைப் பை இழுத்ததாம், அவன் பிடியை விடவில்லையாம். இது எந்த ஊர் என்று கேட்டான். இங்கிலீஷ் தெரிந்த பிரதாப் காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினான்.

"மாரிகுப்பம்" என்றாள் அவள். பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஷெட் மூடிவிட்டது. ரத்தினம்மா அவளோடு பேசுவதில்லை. புஷ்பவல்லி விடியற்கால வண்டியில் பெங்களூர் கார்மென்ட்ஸுக்குப் போகிறாள். பைகள் இன்னும் வருகின்றன, சிலதோடு ஆளும் வருகிறான். கூடைக்காரிகள் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். ஆள் இருந்தால் ஃப்ரெடி டீ கொடுக்கிறான். அவள் சுவரில் வரிசையாக ஆணி அடித்துப் பைகளை மாட்டியிருக்கிறாள். இரண்டாம் ஆணியில் போட்டோ இருந்த பை, அந்தப் பிள்ளையின் அப்பன் இதுவரை வரவில்லை. முதல் ஆணி ஞானதாஸுடையது. அதில் ஒரு துண்டைக்கூடப் போட விடுவதில்லை.