அலாரம் கேட்டது

அம்பத்தூர் எஸ்டேட்டின் அந்தப் பெயிண்டிங் பட்டறையில், பெயிண்டைச் சூட்டில் உலர்த்தும் ஓவனுக்கான கேஸ் கசிந்தால் லினக்ஸ் கணினியின் ஸ்பீக்கர் அலறும். ஆட்கள் அதிலேயே பாட்டும் போட்டதால், கணினியைப் பராமரிக்கும் லோகேஷ், அதோடு தானாகத் தொடங்கும் புரோகிராம்களின் பட்டியலிலிருந்து ஒலிப் புரோகிராமை நீக்கினான். உடனே சோதித்தான், அலாரம் கேட்டது. புரோகிராம் அப்போதும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்ததை அவன் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை கரண்ட் போய் வந்ததில் கணினி மறுபடி தொடங்கியது; ஒலிப் புரோகிராம் தொடங்கவில்லை.

“இன்னா மாமே, பாட்டு இல்லாம ஊடு காலி பண்ண மாதிரி கீது,” என்றான் பாபு.

“காதுக்கு நிம்மதியா கீது. ஓவனைப் பத்த வைக்கிறேன், தள்ளு,” என்றான் சம்பத்.

தின்னர் நெடியில் அங்கே வேறெந்த வாசனையும் தெரியாது. திரையில் ‘கேஸ் கசிவு’ என்று சிவப்பாக மின்னியது. சத்தம் வரும் என்ற நம்பிக்கையில் யாரும் திரையைப் பார்ப்பதில்லை. சம்பத் லைட்டரோடு குனிந்தான்.