இரண்டு முறை இடம் மாறிய காயில்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்பதுகூடக் கொஞ்சம் கௌரவமான சொல். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். பதினோரு வருடம்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: ‘கொட்டும் மழையில் ஒரு கார் இருமிக்கொண்டே பட்டறைக்குள் நுழைந்தது. அதன் ஓட்டுநர்...’

(அடித்துவிட்டேன். அன்று மழையே இல்லை. மழை பெய்தால் வாசகர் என்மேல் கொஞ்சம் இரக்கப்படுவார் என்று ஒரு நப்பாசை.)

2

பட்டறை எனக்கும் மச்சானுக்கும் பொது. மச்சான் என் மனைவியின் அண்ணன். எங்கள் ரேடியோவில் திருகு உடைந்துபோய், இடுக்கியால்தான் நிலையம் மாற்ற வேண்டும். இடுக்கி யார் கையில் இருக்கிறதோ அவர் வைத்ததுதான் பாட்டு. கோளாறைக் காட்டும் ஸ்கேனரை மாட்டுவதற்குள் மச்சான் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே, “ரெண்டாவது சிலிண்டர், மாப்ளே” என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். அந்த நாட்களைப் போல நான் பிறகு சந்தோஷமாக இருந்ததில்லை.

3

ஒரு நர்ஸம்மாவின் கார். இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று மச்சான் வழக்கம்போலக் காதால் கேட்டே சொல்லிவிட்டார். ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கின் தலையிலும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கும்; பொறிக்கு மின்சாரம் தருவது அதுதான். சந்தேகம் வந்தால் இரண்டாவது காயிலையும் மூன்றாவது காயிலையும் இடம் மாற்றிப் பார்ப்போம். கோளாறும் கூடவே மூன்றுக்குப் போனால் காயில் கெட்டது. இரண்டிலேயே நின்றால் காயில் நல்லது, வேறு இடம் தேட வேண்டும். மாற்றியவர் காயிலில் சாக்பீஸால் கோடு போட வேண்டும் என்பது எங்கள் சட்டம்.

காலையில் நான் மாற்றினேன். சாக்பீஸ் பையில் இல்லை. போன் அடித்தது, வெளியே போனேன்.

(முந்தைய வரைவில் அது ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அவசரப் போன். உண்மையில் ராங் நம்பர்.)

விஷயம் தெரியாத மச்சான் வந்து அதே இரண்டையும் மறுபடி மாற்றினார். இரண்டும் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டன.

“காயில மாத்திப் பாத்துட்டேன் மாப்ளே. கோளாறு ரெண்டுலயேதான் நிக்குது. காயில் நல்லாதான் இருக்கு.”

“சரி மச்சான்” என்றேன். அப்போது எனக்கு உறைக்கவில்லை. இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றிப் பரப்பி வைத்த நான்காம் நாள்தான், நான் மாற்றியதை அவர் திருப்பி மாற்றியிருக்கிறார், காயிலை யாருமே சோதிக்கவில்லை என்று உறைத்தது. மச்சானிடம் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள், வேறு வழியில்லாமல் புதுக் காயில் போட்டோம். வண்டி பூப்போல ஓடியது.

“இதுக்கா ஒன்பது நாளு?” என்றார் நர்ஸம்மா.

“தப்பு என்னோடதுதாம்மா. காயில் நல்லாருக்குன்னு நான்தான் சொன்னேன்” என்றார் மச்சான். நான் ஏற்கெனவே துடைத்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எதைத் தொட்டாலும், “நீங்களும் ஒரு தடவ பாத்துருங்க மாப்ளே” என்பார். ஆறு மாதத்தில் பட்டறையை விட்டார். இப்போது பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். வண்டி நின்றால் பானெட்டைக்கூடத் திறப்பதில்லையாம், ஆளைக் கூப்பிடுகிறாராம்.

4

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் நான் அங்கேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இன்னொன்றில் மச்சான் தானே கண்டுபிடித்துச் சிரித்து...

என் மனைவி படித்துவிட்டு, “இதுல வர்ற நீங்க ரொம்ப நல்லவரா இருக்கீங்களே” என்றாள். தாள்களைத் திரும்ப அடுக்கினாள். கடைசியில், “ஞாயித்துக்கிழமை அண்ணன் வர்றாரு. ரெண்டு முடிவையும் அடிச்சுட்டு மத்தத அவர்கிட்ட குடுங்க” என்றாள்.

5

இன்று ஞாயிற்றுக்கிழமை. மச்சான் கூடத்தில் படித்துக்கொண்டிருக்கிறார். இந்தப் பகுதியை மட்டும் சமையலறையில் நின்றபடி எழுதுகிறேன். தாள் புரளும் சத்தம் கேட்கிறது. மூன்றாம் பகுதியில் வெகுநேரம் நின்றார். எழுத்து கோணலாக வருகிறது.

இப்போது கூப்பிடுகிறார்.

“மாப்ளே, அப்போ ரெண்டாவது சிலிண்டர்னு நான் சொன்னது சரிதானா?”

அந்தக் குரலில் என்ன இருந்தது என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் கூடத்துக்குப் போக வேண்டும்.