மூன்றாம் பாட்டின் அடியில் ஓர் உறுமல்

1

இந்தக் கதை என் தங்கை செய்த ஒரு தப்பிலிருந்து வந்தது. அனுமதி வாங்கிவிட்டேன். "எழுதிக்கோ, ஆனா என்னை அழுமூஞ்சியா ஆக்கிடாதே" என்றாள். வாரா வாரம் யாரையாவது அழவைத்துப் பிழைக்கிறவன் நான். முயல்கிறேன்.

முதல் தொடக்கம்: "வானம் கிழிந்ததைப் போல ஓர் ஓசை..." (கிழியவில்லை. நல்ல வெயில்.)

இரண்டாம் தொடக்கம்: "அவள் கண்களில் மரணத்தின்..." (போன தொடரிலேயே வந்துவிட்டது.)

மூன்றாவது: தங்கை பொய்ப்பல் செய்கிறவள். இதுவே இருக்கட்டும்.

2

பல் ஆய்வகத்தில் நாளெல்லாம் ராவுகிற சத்தம். அதை மறக்க அவள் மெட்டல் இசை கேட்கத் தொடங்கினாள். கிட்டார்கள் இடிக்கும், பாடகர் உறுமுவார், அந்த வகை. "ஏன் இவ்வளவு கோபம்?" என்று கேட்டேன்.

"கோபம் இல்லண்ணா. பல்வலி போனவன் வாயைத் திறந்து ஒரு 'ஆ' விடுவான் பாரு, அது."

நான் தொடர் எழுதும் இதே வாரப்பத்திரிகையின் ஆசிரியர், அவள் நச்சரிப்புத் தாங்காமல், புதிதாக வந்த கனமான இசைத்தொகுப்புகளில் கேட்கத் தகுந்தவற்றைச் சொல்ல ஒரு பக்கம் கொடுத்தார். முதல் கட்டுரையில் மூன்று தொகுப்புகள். ஒன்று, ஒரே சுரத்தை அரைமணி நேரம் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவது. இன்னொன்றில், உறுமலுக்கு நடுவே ஒரு பெண் தாலாட்டுப் போல முனகுவாள். கேட்டால் முதுகு சிலிர்க்கும்.* மூன்றாவது, இந்த ஊர் நண்பர்கள் இருவர் செய்த முதல் தொகுப்பு.

(* சிலிர்த்தது. ஒப்புக்கொள்கிறேன்.)

இந்த மாதிரி இசையைத் தரையால் கேட்க வேண்டும் என்பது அவள் கட்சி. ஒலிபெருக்கியைக் கீழே வைத்து, பக்கத்தில் மல்லாந்து படுத்துவிடுவாள். அந்த நண்பர்களின் தொகுப்பையும் அப்படிக் கேட்டு எழுதினாள்: "மூன்றாம் பாட்டின் அடியில் ஓர் உறுமல் சுழன்று வேகமெடுக்கிறது. இந்த வருடத்தின் மிகத் துணிச்சலான இடம்."

அச்சாகிவிட்டது. அந்த இருவரில் ட்ரம்ஸ் வாசிக்கிறவரிடமிருந்து செய்தி வந்தது. நன்றி. ஆனால் அந்த உறுமல் எங்களுக்குக் கேட்கவில்லையே, நேரில் வரலாமா?

3

தங்கை மறுபடி படுத்துக் கேட்டாள். உறுமல் இல்லை. இன்னொரு முறை. இல்லை. மாப்பிள்ளை அழுக்குத் துணியோடு அவளைத் தாண்டிப் போனார்.

"திரும்பவும் தரையிலயா? தள்ளிப் படு, துணி போடணும்."

போட்டார். தரை உறுமியது. அவள் முகம் (இங்கே ஓர் உவமை வர வேண்டும், வரவில்லை) வெளுத்தது.

"அண்ணா, நான் எங்க வீட்டு வாஷிங் மெஷினைப் பாராட்டி எழுதிட்டேன்" என்றாள் போனில்.

விழுந்து விழுந்து சிரித்தேன்.

"சிரிக்காதே. இதெல்லாம் வெறும் சத்தம்னு சொல்றவங்களுக்குப் பதில் சொல்லத்தான் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கினேன். இனிமே ஒரு வார்த்தை எழுத முடியுமா? பக்கம் போயிடும்."

"சொல்லாமலே விட்டுடேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"அவங்க தேடிட்டிருக்காங்கண்ணா. அவங்க பாட்டுலயே."

4

ட்ரம்ஸ்காரரை நீண்ட முடி, மண்டையோட்டு மோதிரத்தோடு எழுதியிருந்தேன். தங்கை அந்த வரியை அடித்துவிட்டாள். வந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். சட்டையை இன் செய்திருந்தார். தைரியத்துக்கு நானும் உடனிருந்தேன்.

அவர் உட்காருவதற்குள் அவள் சொல்லிவிட்டாள். "அந்த உறுமல் உங்களோடது இல்லீங்க. எங்க வாஷிங் மெஷினோடது."

"அன்னிக்கு மெஷின்ல போர்வை போட்டிருந்தேன்," என்றார் மாப்பிள்ளை உள்ளிருந்து, உதவியாக.

"ஒரு வாரமா எங்களுக்குள்ள சண்டை," என்றார் ட்ரம்ஸ்காரர். " நான் திருட்டுத்தனமா என்னவோ சேர்த்துட்டேன்னு என் கூட்டாளி பேசறதே இல்லை. எந்த இடத்துல கேட்டுச்சு?"

"நடுவுல. ட்ரம்ஸ் நிக்கற இடத்துல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அங்க ஒண்ணுமே இருக்கக் கூடாதும்மா. அப்படி நிறுத்தறதுக்குத்தான் ரொம்ப நாள் பழகினேன்."

தங்கை நிமிரவில்லை. பிறகு ஒலிபெருக்கியைத் தரையில் வைத்தாள். "இன்னொரு தடவை கேட்கறேன். நீங்களும் படுங்க."

மூவரும் படுத்தோம். மாப்பிள்ளை துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றார். பாட்டு மலைபோல ஏறியது, ஏறியது, பிறகு

(இந்த வெற்றிடம் அச்சுப்பிழை அல்ல.)

ட்ரம்ஸ் திரும்ப விழுந்தபோது தரை என் முதுகில் அறைந்தது. "அடேங்கப்பா" என்றாள் தங்கை. ட்ரம்ஸ்காரர் கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

5

முடிவு அ: அடுத்த தொகுப்பில் வாஷிங் மெஷினுக்கும் நன்றி சொல்கிறார்கள். (ஆசிரியருக்குப் பிடிக்கும். எனக்குக் கூச்சம்.)

முடிவு ஆ: கூட்டாளிகள் ராசியாகி, தங்கை முன்னிலையில்... (வேண்டாம், சினிமா.)

நடந்தது இவ்வளவுதான். தங்கை அன்றே திருத்தம் எழுதினாள். வாஷிங் மெஷினை மறைக்கவில்லை. அந்த மௌனத்தை எப்படித் தவறவிட்டாள் என்பதையும் சொல்லி, கூடவே புதிதாக இரண்டு தொகுப்புகளையும் சேர்த்து அனுப்பியிருக்கிறாள். ஆசிரியர் வாயைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டால் கதையை முடித்துவிடுவேன்.

"போடலன்னா?" என்று அவளிடம்தான் கேட்டேன்.

"அந்த இடத்தைச் சரியாக் கேட்டுட்டேன்ல. அது போதும்" என்றாள். நிம்மதியாகத்தான் இருந்தாள்.

அவளுடைய பக்கம் வழக்கமாக என் பக்கத்துக்கு அடுத்தது. அங்கே பாட்டு இருக்கலாம், சோப்பு விளம்பரமும் இருக்கலாம். இதழ் உங்கள் கையில்தானே இருக்கிறது, புரட்டுங்கள்.