கன்ட்ரோலர் யார் கொண்டுவருவது?

நிவித்திகலவில் எங்கள் தேயிலைத் தொழிற்சாலையை விரிவாக்கினார்கள். கொழுந்து வாட்டும் விசிறிகளுக்கு எத்தனை கன்ட்ரோலர், நெட்வொர்க் கேபிள் எந்தச் சுவர்வழியே என்று எல்லாம் திட்டமிட்டவன் எலக்ட்ரீஷியனான நான்தான்.

"உதயராஜ், நாளைக்குக் கொழும்பு போய்ச் சாமானெல்லாம் பஸ்ஸுல கொண்டா," என்றார் தோட்டத்து மேனேஜரான துரை.

யுத்தம் முற்றிய 2008. வழியெல்லாம் சோதனைச் சாவடி. தமிழன் பையில் வயரும் டைமர் வைத்த கன்ட்ரோலரும் இருந்தால் குண்டு என்பான்; எவன் விளக்கம் கேட்பான்?

"சிங்களம் நல்லா பேசுவேங்க. ஆனா ஐடென்டிட்டி கார்டுல எம்பேரு இருக்குங்களே."

"தோட்டத்துக் கடிதம் தாரேன். பயப்படாத."

எனக்குக் கோபம் வந்தது. "அப்ப நீங்களே ஜீப்புல கொண்டாங்க, துரை. நாளைக்குக் கொழும்புக்குத்தானே போறீங்க?"

துரை பதறிவிட்டார்.

"ஐயோ, அதையெல்லாம் ஜீப்புல ஏத்தினா ஆர்மிக்காரன் என்னைச் சந்தேகப்படமாட்டானா?"