ஆறு திரும்பிய அதிகாரம்

"அவருக்குக் கண்ணுல ஆபரேஷன் பண்ணி ரெண்டு கண்ணுக்கும் கட்டு போட்டிருக்கு தம்பி. வேதம் வாசிக்க ஆளில்லாமத் தவிக்கிறார். ஒருநட வந்துட்டுப் போங்க" என்று அண்ணி போன் செய்தார். நானும் அண்ணனும் பேசி ஆறு வருடமாகிறது.

"அண்ணனா கூப்பிடச் சொன்னாரு?"

"நீங்க வாங்க தம்பி."

சின்ன வயதில் எங்கள் குலத்து வேதத்தை அப்பாதான் வாசிப்பார். பொழுது சாய்ந்ததும் நானும் அண்ணனும் கால் கழுவி வந்து பாயில் உட்காரவேண்டும். தட்டு வைத்து மூடிய சோற்றின் வாசனை வயிற்றைக் கிள்ளும். சிரித்தால் அப்பாவின் முழங்கை விலாவில் இடிக்கும். தங்கையை வெள்ளம் கொண்டுபோன வருடத்திலிருந்து அம்மா ஒரே அதிகாரத்தைத்தான் கேட்பாள். கரையில் அழுத ஒரு தாயைப் பார்த்து ஆறு நின்றது, வந்த வழியே திரும்பி நடந்தது, கொண்டுபோன பிள்ளையை அவள் காலடியில் வைத்தது என்று வரும். வாசித்து முடித்ததும் அம்மா மெதுவாகக் கேட்பாள். "நெசமாவே திரும்புச்சா?" அப்பா புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமலே சொல்வார். "திரும்புச்சு." அதன் பிறகுதான் அவள் எழுந்துபோய் எங்களுக்குச் சோறு போடுவாள், தானும் ஒரு வாய் சாப்பிடுவாள். அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் எனக்குப் பசிக்கிறது.

அண்ணன் வளர்ந்து, தங்கையைக் கொண்டுபோன அதே ஆற்றில் நீர்மட்டம் குறிக்கும் அரசாங்க வேலைக்குப் போனான். நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன் ஆனேன். அப்பாவும் அம்மாவும் போனபிறகு, அப்பாவின் நினைவு நாளில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, அண்ணன் தன் பேத்தியிடம் ஆறு திரும்பிய கதையைச் சொன்னான். நான் படித்த திமிரில் குறுக்கே விழுந்தேன். "அதெல்லாம் நடந்தது இல்லண்ணே. வெறும் கவிதை." அவன் பாதிச் சோற்றில் கை கழுவினான். அன்றோடு சரி.

நான் போனபோது அண்ணன் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தான். செருப்புச் சத்தத்திலேயே கண்டுகொண்டான்போலிருக்கிறது.

"சாப்பிட்டியா?"

"ஆச்சுண்ணே."

"பொய் சொல்லாத. அப்புறமா சாப்பிட்டுட்டுப் போ. இப்ப வாசி."

வம்பு வேண்டாமென்று நான் வேறொரு பக்கத்தைப் பிரித்தேன். இரண்டு வரிகூடப் போகவில்லை.

"அது வேணாம். ஆத்த வாசி."

வாசித்தேன். பிள்ளையைக் காலடியில் வைக்கும் இடத்தில் விரலை வைத்து நின்றுவிட்டேன். அண்ணன் காத்திருந்தான்.

"முப்பத்தோரு வருஷம்டா" என்றான். "தெனமும் காலையில போய் அந்த ஆத்த அளந்தேன். வெள்ளத்துலயும் அளந்தேன், வறண்டப்பவும் அளந்தேன். ஒரு நாள்கூடத் திரும்பல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்புறம் எதுக்குண்ணே எங்கிட்ட பேசாம இருந்த?"

"கவிதைன்னு சொன்னதுக்கா? அது கவிதைதான், எனக்குத் தெரியாதா? நீ 'வெறும்'னு சொன்ன பாரு." அவன் குரல் உடைந்தது. "அம்மா அத வச்சுத்தான்டா உயிரோட இருந்தா."

எத்தனையோ பேருடைய வேண்டாத சொற்களைச் சிவப்பு மையால் அடித்தவன் நான். என் வாயிலிருந்து விழுந்த ஒன்று ஆறு வருடம் கண்ணில் படவேயில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவன் கையமர்த்தினான்.

"மறுபடியும் மொதல்லேர்ந்து வாசி."

ஆரம்பித்தேன். நாலைந்து வரி போனதும் தற்செயலாக நிமிர்ந்தேன். கட்டுக்குக் கீழே அண்ணனின் உதடுகள் எனக்கு ஒரு சொல் முன்னால் அசைந்துகொண்டிருந்தன. வாசிப்பதை நிறுத்தினேன். உதடுகள் நிற்கவில்லை, சத்தமே இல்லாமல், அந்தத் தாய் நிற்கும் கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.